பன்னிரண்டு லட்சமும் ஒரு கையும்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்த நவநீதகிருஷ்ணனுக்கு இரண்டு பாஷைகள் தெரியும். ஒன்று வசவு. இன்னொன்று கைச்சாடை. தமிழ் என்று தனியாக ஒன்றை அவர் பெரிதாகப் பயன்படுத்தியதாக மில்லில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இரண்டுக்கும் காரணம் இரைச்சல்தான். மெஷின்கள் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். கேட்காத இடத்தில் மரியாதையாகப் பேசி என்ன பிரயோசனம்? அவர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். திட்டு வாங்குகிறவன் உதட்டசைவைப் பார்த்துவிட்டுச் சிரிப்பான். உண்மையிலேயே சொல்ல வேண்டியதைக் கையால் சொல்வார்கள். இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோனால் டீ. முஷ்டியை மடக்கினால் மெஷினை நிறுத்து. உள்ளங்கையை விரித்து உயர்த்தினால், அங்கேயே நில், கிட்டே வராதே, மெஷின் ஓடுகிறது. இந்தக் கடைசிச் சாடைக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. கையை உயர்த்தியவர் விரல்களை மடக்கி ‘வா’ என்று கூப்பிடும்வரை நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. கை இறங்கிவிட்டதே என்று நகரக் கூடாது. வலித்தும் இறங்கியிருக்கலாம் அல்லவா? அந்தச் சட்டத்தை மறந்த ஒருவனுக்கு இப்போது வலது கையில் மூன்று விரல்.

வெங்கடேஸ்வரி அதே மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் கையால்தான். அதனால் அவருடைய வாயைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் போயிற்று. தெரியவந்தபோது தாலி ஏறி நாலு நாள் ஆகியிருந்தது.

அவர் ஓய்வு பெற்ற அன்று மில்லில் சால்வை போட்டு, சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். பேசக் கூப்பிட்ட ஒருவன் மைக்கைப் பிடித்து, “அண்ணன் வஞ்சாத்தான் மெஷினே ஓடும். நாளையில இருந்து எப்படி ஓடப்போவுதோ தெரியலே” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நவநீதகிருஷ்ணனும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வெங்கடேஸ்வரி சொன்னாள்:

“இனிமே மில்லு கிடையாது. அம்புட்டு வசவும் இங்கதான் வந்து விழும். எங்காது ஏற்கெனவே பழுத்துக் கெடக்கு. இந்த வீட்டுல வேற ஏதாச்சும் கேக்கணும், சொல்லிட்டேன்.”

அவள் கேட்டது கிடைத்தது. கேட்டது கிடைப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மந்திர ஜப சங்கம் இருந்தது. அதன் செயலாளர் பாண்டிதுரைக்குக் கோயில் பக்கம் பால்கோவாக் கடை. எல்லாரையும் ‘ஜி’ போட்டுப் பேசுவார். வடக்கே அவர் போன தூரம் மதுரை. வருடத்துக்கு இரண்டு முறை வெளியூரிலிருந்து ஒரு சுவாமி வந்து விரும்பியவர்களுக்கு உபதேசம் செய்வார். மில் சிநேகிதன் ஒருவன் இழுத்துப் போக, நவநீதகிருஷ்ணன் ஒரு கல்யாண மண்டபத்து வரிசையில் இருபத்தேழாவது ஆளாக நின்றார்.

சுவாமி தலைக்கு மேல் பட்டுத்துணியைப் போர்த்தி, வலது காதில் மூன்று முறை மந்திரத்தைச் சொன்னார். “என்ன வேண்டிக்கிறே?” என்று கேட்டார்.

“வாய் அடங்கணும் சாமி.”

“அடங்கும். அட்சரத்துக்கு ஒரு லட்சம். பன்னிரண்டு அட்சரம், பன்னிரண்டு லட்சம். ஒரு நாள் விட்டாலும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கணும். உட்கார்ந்தால் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. மந்திரம் பிறர் காதில் விழக் கூடாது.”

அன்றைக்கு உபதேசம் வாங்கிய நாற்பது பேருக்கும் ஒரே மந்திரம்தான் என்று நாற்பது பேரும் ஊகித்தார்கள். யாரும் யாரிடமும் வாய்விடவில்லை. ரகசியத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு வெளியே வந்த நவநீதகிருஷ்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓர் ஆட்டோவில் ஏறப்போனார். அதன் முதுகில் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது: ஓம் நமோ பகவதே வாசுதேவாய. அவருக்குத் திக்கென்றது. பார்வையை விலக்கிக்கொண்டு அடுத்த ஆட்டோவில் ஏறினார்.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தார். நூற்றெட்டு மணி துளசி மாலை, பத்துச் சுற்று, நாளைக்கு ஆயிரத்து எண்பது. ஒரு சுற்று மாலைக்கு ஆறு நிமிஷம், ஆறரைக்கு எழுந்துவிடலாம். பன்னிரண்டு லட்சத்துக்கு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நாள். பழைய ஷிப்ட் நோட்டு ஒன்றில் தேதி வாரியாகக் கோடு போட்டார். மில்லில் உற்பத்தி எழுதிய கை. எழுதாவிட்டால் வேலை செய்த மாதிரியே இருக்காது.

வீடு இரண்டே அறை. சாமி படத்துக்கும் அடுப்படி வாசலுக்கும் ஏழடி. வெங்கடேஸ்வரி முதல் வாரமே கேட்டாள்:

“எனக்குஞ் சொல்லிக் குடுங்களேன். நானும் சோறு வடிக்கையில சொல்லிக்கிடுவேன்.”

“அப்படியெல்லாம் சொல்லக் கூடாது ஈஸ்வரி. உபதேசம் வாங்கணும். அடுத்தவுக காதுல விழுந்தா பலிக்காது.”

“அப்ப முணுமுணுக்காமச் சொல்லுங்க. எங்காதுக்கென்ன கதவா இருக்கு?”

அவர் சத்தத்தைக் குறைத்தார். முப்பத்தைந்து வருடம் இரைச்சலில் கிடந்த காதுக்கு எது முணுமுணுப்பு, எது பேச்சு என்று அளவு தெரியாது. தனக்குக் கேட்காததெல்லாம் யாருக்குமே கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, வாய் அடங்கத்தான் செய்தது. ஆனால் காலை ஒரு மணி நேரம் மட்டும். மிச்ச நேரத்தில் அந்த ஒரு மணி நேரத்தின் பெருமை சேர்ந்துகொண்டது. முன்பு குழம்பில் உப்புக் கூடினால், “கூறுகெட்ட மூதி” என்பார். இப்போது கண்ணை மூடிப் பொறுமையாக மூச்சு விடுவார். வசவே பரவாயில்லை என்று அவள் பக்கத்து வீட்டுத் தங்கபாயிடம் சொன்னாள்.

ஜபத்துக்கு நடுவே பால்காரன் வருவான், குழாயில் தண்ணீர் வரும், மகள் செல்வலட்சுமி திருப்பூரிலிருந்து கூப்பிடுவாள். வெங்கடேஸ்வரி அடுப்படி வாசலில் நின்று, “இந்தாருங்க” என்பாள். பேசக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. அவர் கண்ணைத் திறக்காமல் உள்ளங்கையை உயர்த்துவார். அவள் நின்றுவிடுவாள். மில்லில் கற்றது, உடம்பே கேட்கும்.

*

ஆயிரத்து நூற்று மூன்றாவது நாள். இன்னும் ஒன்பது நாள்தான். முந்தின நாள் பாண்டிதுரை போன் பண்ணி, “ஜி, கடைசி ஓவர் இது. விக்கெட்ட விட்றாதீங்க” என்று சொல்லியிருந்தார்.

எட்டாவது மாலை பாதி. சுவரில் மில் கொடுத்த கடிகாரம். அடுப்படி வாசலிலிருந்து, “இந்தாருங்க” என்று குரல் வந்தது. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் முறை. அதைச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் கையை உயர்த்தினார்.

“இந்தா...” என்று இன்னொரு தரம் வந்தது. கொஞ்சம் குழறலாக. அவர் கையை இன்னும் உயரத் தூக்கினார். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. புரிந்துகொண்டாள் என்று நினைத்தார். அந்த ஆயிரத்து நூற்று மூன்று நாளில் மனம் அவ்வளவு அழகாகக் குவிந்தது அன்றைக்குத்தான். இதை அவர் பின்னாளில் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறரைக்கு மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினால், வெங்கடேஸ்வரி நிலைக்கதவில் சாய்ந்தபடியே வழிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் வலப்பக்கம் தொங்கியது. கண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். இரண்டரை மாலை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?”

“ஆறே காலுக்குக் கூப்ட்டா.”

“நீங்க எப்பப் பார்த்தீங்க?”

“ஆறரைக்கு.”

டாக்டர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். மூளையின் இடது பக்கம் ரத்தக் கட்டி. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மறுநாள் அவரே, “பதினஞ்சு நிமிஷத்துல பெருசா ஒண்ணும் மாறியிருக்காதுய்யா, மனசப் போட்டு உழப்பாதீங்க” என்றார். நல்ல மனுஷன். ஆனால் கையை உயர்த்தியபோது அது தனக்குத் தெரியாதே என்று நவநீதகிருஷ்ணன் நினைத்துக்கொண்டார். தெரியாமல் பண்ணினது குற்றமில்லை என்பார்கள். இவருக்கோ, குற்றமில்லை என்பதுதான் அப்போது தெரியாமல் இருந்தது.

ஜபத்தை அவர் விட்டிருப்பார் என்று எதிர்பார்ப்பவர்கள் இவரை அறியாதவர்கள். அன்றைய பத்துச் சுற்றும் கணக்கில் சேர்ந்துவிட்டதே! ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்துப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச நாட்களையும் முடித்தார். விட்டால் அந்தப் பதினைந்து நிமிஷமும் வீண் என்று ஆகிவிடும். அதற்கு மட்டும் அவருக்குத் துணிச்சல் இல்லை.

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் நாள் காலை, பன்னிரண்டு லட்சம் முடிந்தது. அன்று மதியம் வெங்கடேஸ்வரி வாய் திறந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பிரிஸ்கில்லா, செட்டியார்பட்டிப் பெண், அவள் எதிரே உட்கார்ந்து, “அம்மா, இது யாரு? வீட்டுக்காரர்தான? கூப்பிடுங்க பாப்போம்” என்று அவரைக் காட்டினாள். வெங்கடேஸ்வரி உதட்டைக் கூட்டினாள். முகம் சிவந்தது. பிறகு ஓர் எழுத்து பிசகாமல், கணீரென்று:

“ஓம் நமோ பகவதே வாசுதேவாய.”

நவநீதகிருஷ்ணன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி வேணுமாம்மா?”

“ஓம் நமோ பகவதே வாசுதேவாய.”

“வலிக்குதா?”

அதற்கும் அதுதான். வேறொன்றும் வரவில்லை. வராத வார்த்தைக்காக அவள் முயல்வதும், இது மட்டும் வழுக்கிக்கொண்டு வந்து விழுவதும், விழுந்ததைக் கேட்டு அவளே திகைப்பதும் அவருக்குத் தெரிந்தன.

பிரிஸ்கில்லா அவரை வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள். “பயப்படாதீங்க அங்கிள். எங்க சபையில ஒரு ஐயாவுக்கு இதே மாதிரி. பேச்சே கெடையாது, சின்ன வயசுல படிச்ச ஜெபம் மட்டும் சுத்தமா வரும். காப்பி வேணும்னாலும் ஜெபந்தான். யோசிச்சுப் பேசுறது மூளையில ஒரு பக்கம். யோசிக்காமச் சொல்லுறது, ஒண்ணு ரெண்டு எண்ணுறது, ஜெபம், கெட்ட வார்த்தை, இதெல்லாம் இன்னொரு பக்கம்.”

“கெட்ட வார்த்தையுமா?”

“ஆமா அங்கிள். ஆன்ட்டி உங்கள ஒருநா நல்லா வஞ்சாங்கன்னா சந்தோஷப்படுங்க. வேற வார்த்தையும் வர ஆரம்பிக்குதுன்னு அர்த்தம்.”

ஜெபமும் வசவும் ஒரே வளவுக்குள் குடியிருக்கும் விஷயம் பன்னிரண்டு லட்சத்தில் ஒரு தடவைகூட அவருக்குத் தட்டுப்பட்டதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அவளுடைய காதில் அவர் கொட்டியது வசவு. கடைசி மூன்று வருடம் கொட்டாமல் மறைத்து வைத்தது மந்திரம். கொடுத்ததில் ஒன்றுகூட அவளிடம் தங்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றது மட்டும் தங்கியிருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு வேண்டுதல். அவள் வாயிலிருந்து தனக்கு ஒரு வசவு. ‘கூறுகெட்ட மூதி’ போதும். அன்றைக்கு எதற்குக் கூப்பிட்டாள் என்று கேட்டு, கேட்டதற்கு வசவு வாங்கிவிட்டால், கணக்கு எந்தப் பக்கமாகவாவது தீர்ந்துவிடும்.

*

பாண்டிதுரைக்கு வேறு கணக்கு. பன்னிரண்டு லட்சம் முடிந்த நாளும் அந்த அம்மாள் பேசிய நாளும் ஒன்று. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? சங்கத்து வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார்: ‘சாதகருக்குச் சித்தி, சகதர்மிணிக்கு வாக்கு.’

வீட்டுக்கு வந்த பிறகு நவநீதகிருஷ்ணன் புதிதாக ஒரு பாஷை கற்றிருந்தார். மந்திரம் மெல்ல இழுபட்டால் தண்ணீர். முதல் எழுத்தில் அழுத்தம் விழுந்தால் புரட்டிப் படுக்க வை. வேகமாக, அடுத்தடுத்து வந்தால் பாத்திரம் எடு, அவசரம். மூத்திரத்துக்கும் மோட்சத்துக்கும் ஒரே பன்னிரண்டு எழுத்து. சோறு ஊட்டி, உடம்பு துடைத்து, சேலை மாற்றி எல்லாம் அவரே செய்தார். செல்வலட்சுமி பத்து நாள் இருந்துவிட்டுப் போகும்போது, “அப்பா இப்படி மாறுவாகன்னு அம்மா ஒரு நாளாவது நெனச்சிருக்குமா?” என்று தங்கபாயிடம் அழுதாள். அம்மா என்ன நினைத்தாள் என்பதைத்தான் யாராலும் கேட்க முடியவில்லை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வேன் வந்தது. பாண்டிதுரையும் பதினாலு பேரும். பழத்தட்டு, துளசி மாலை, கையடக்க ஸ்பீக்கர் ஒன்று.

“செத்த நேரந்தான் ஜி. அம்மாவைத் தரிசனம் பண்ணிட்டு, ஒரு சுத்து கூடச் சொல்லிட்டுப் போயிருவோம்.”

“அவ அசந்து கெடக்கா பாண்டிதுரை...”

“வேற பேச்சே இல்லாத வாக்கு ஜி! இந்தப் பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்? நாமல்லாம் வாயத் தொறந்தா வெலவாசிதான.”

வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு பெண் வெங்கடேஸ்வரியின் விழுந்துபோன வலது கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். வெங்கடேஸ்வரி கூட்டத்தைப் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் நின்ற அவரைப் பார்த்தாள். அவசரமாகச் சொன்னாள்:

“ஓம் நமோ பகவதே வாசுதேவாய. ஓம் நமோ பகவதே வாசுதேவாய.”

அவருக்குப் புரிந்துவிட்டது. “நவுருங்க, செத்த நவுருங்க” என்று முன்னே வந்தார். நடுவில் ஸ்பீக்கர், பழத்தட்டு, பதினைந்து முதுகு. பாண்டிதுரை கண்களை மூடிக் கைகளை விரித்து, “எல்லாரும் கூடச் சொல்லுங்க!” என்றார்.

பதினைந்து பேர் சொன்னார்கள். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். அவர்கள் அதைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். அவள் இடது கையால் கட்டிலை அடித்துக்கொண்டே கத்தினாள். தாளம் கிடைத்துவிட்டது என்று அவர்கள் கைதட்டினார்கள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைப் பார்த்து நாலைந்து பேருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. பழத்தட்டைத் தாண்டி அவர் கட்டிலை எட்டிய நேரத்தில் விரிப்பு நனைந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

தரிசனத்தில் கண்ணை மூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

“எந்திரிங்கலே!” என்றார் நவநீதகிருஷ்ணன். முப்பத்தைந்து வருட மெஷின் இரைச்சலைத் தாண்டிப் பழகிய குரல் அது. “எந்திரிங்கலே நாறப்பயலுவளா! ஏலே பாண்டிதுரை, எந்திரிலே! ஒண்ணுக்கு வருதுன்னு ஒரு பொம்பள கெடந்து கதறுதா, கை தட்டுதியளோ? கூறுகெட்ட மூதியளா...” அதற்கப்புறம் வந்தது முழுவதும் மில் பாஷை. எழுத்தில் வைக்க முடியாது.

பாண்டிதுரை ஸ்பீக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்று, வருத்தமாகச் சொன்னார்: “வாக்கை விட்டுட்டீங்களே ஜி. மூணு வருஷத் தவம் ஒரு நிமிஷத்துல போச்சே.”

“போகட்டும்லே. அவ பதினஞ்சு நிமிசத்துல போனா.”

வேன் போனது. பழத்தட்டு மட்டும் இருந்தது.

அவர் விரிப்பை உருவினார். வெந்நீர் வைத்துத் துடைத்தார். மாற்றுச் சேலை சுற்றி, தலையணையை உயர்த்தி வைத்தார். தரையைக் கழுவினார். அவள் அமைதியாக, மேலே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். இந்தத் தொனி அவருக்குப் பழக்கமில்லை. தண்ணீருக்கும் இல்லை, புரட்டுவதற்கும் இல்லை. எதையும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அவர் ஒரு மணி நேரம் உட்காருவாரே, அந்தச் சாயலில் இருந்தது. அதைவிட நன்றாகவே இருந்தது.

வாளியை அடுப்படியில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி ஈஸ்வரி.”

முணுமுணுப்பு நிற்கவில்லை.

“அன்னைக்கு எதுக்குட்டி கூப்ட்ட? தண்ணி வருதுன்னா? இல்ல, முடியலன்னா? ஒரு வார்த்த சொல்லு. சொல்ல வரலன்னா வையி. அவனுவள நான் வஞ்ச மாதிரி வையி. ஒண்ணே ஒண்ணு வையிட்டி.”

அவள் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள், கேட்டது புரிந்திருந்தது. வாய் மந்திரத்தை விடவில்லை. இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. உள்ளங்கையை விரித்து, மெதுவாக உயர்த்தினாள்.

அவர் நின்றார்.

நிற்கும்போதே பெருவிரல் தன்பாட்டுக்கு விரல் ரேகைகளில் எண்ண ஆரம்பித்துவிட்டது. பழக்கம். நூற்றெட்டு ஆகி ஒரு மாலை முடிந்தது. அவளுக்குக் கை வலித்திருக்க வேண்டும். மெல்ல இறங்கி வயிற்றின் மேல் விழுந்தது. அவர் நகரவில்லை. கை இறங்கினால் போதாது, விரல் மடங்கிக் கூப்பிட வேண்டும் என்று அந்த வீட்டில் இருவருக்கும் தெரியும்.

இரண்டாவது மாலையும் முடிந்தது. மூன்றாவதில் பாதியும் போயிற்று. விரல் மடங்கவில்லை.